அடுத்த வெளியீடு: நாற்பதுக்கு மேல் காமிக்ஸ் வாங்குவது பற்றிச் சில குறிப்புகள்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். காமிக்ஸ் ஸ்டாலில் முண்டியடிக்கும் கூட்டத்தில் தலை நரைத்தவர்கள்தான் அதிகம். பையன்களும் பெண்பிள்ளைகளும் இருப்பார்கள், ஆனால் பெரும்பாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது டெல்லி அப்பளக் கடைக்குப் போவோம் என்ற முகத்தோடு. கட்டுக் கட்டாக வாங்கி, பில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர் அப்பா. நானும் அந்த வரிசையில் நிற்கிறவன்தான், அதனால் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இருக்கிறது.

சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காததை, சம்பளம் வந்த பிறகு வாங்குகிறோம். சிலர் ஆர்எக்ஸ் 100 வண்டியைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து ஓட்டுகிறார்கள். சிலர் எச்எம்டி வாட்ச் சேர்க்கிறார்கள். எனக்குக் காமிக்ஸ். இதையெல்லாம் 'நாஸ்டால்ஜியா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. எனக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. அன்று ஆசைப்பட்டதும் இன்று வாங்குவதும் ஒரே பொருள்தானா? வாங்கிய பொருள், ஒரு படைப்பாக இன்று தேறுமா? நாம் இப்படி வாங்குவதால் தமிழ்க் காமிக்ஸுக்கு என்ன ஆகிறது? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

1. முதலில் கொஞ்சம் வரலாறு

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வரத் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ், 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற கதையோடு. அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்ட் கதையோடு. என்னைப் போல எழுபதுகளின் கடைசியில் பிறந்தவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த சமயத்தில் மூன்று பெயர்களில் காமிக்ஸ் பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் விலை. எங்களுக்கு அதுவே பெரிய காசு.

இதில் நாங்கள் அன்று அறியாத ஒரு விஷயம் உண்டு. அந்தக் கதைகள் ஏற்கெனவே பழசு. இரும்புக்கை மாயாவியின் மூலமான 'தி ஸ்டீல் க்ளா' இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே, 1962 அக்டோபரில், தொடங்கியது. ஸ்பைடர் 1965இல் 'லயன்' என்ற வாரப் பத்திரிகையில் வந்தவர். (ஆமாம், அங்கேயும் பெயர் லயன்தான்.) சட்டித்தலையன் ஆர்ச்சி என்று நாங்கள் கொண்டாடிய ரோபோ, அதே பத்திரிகையின் 1952 முதல் இதழில் அறிமுகமானது. வேலியன்ட் பத்திரிகையே 1976இல் இன்னொரு பத்திரிகையோடு சேர்க்கப்பட்டு மறைந்துவிட்டது. கரூரில் ஒரு பையன் 1988இல் மாயாவியைப் படித்துப் பரவசப்பட்டபோது, அதே கதையைச் சிறுவனாகப் படித்த ஆங்கிலேயருக்கு முப்பத்தைந்து வயதாகியிருக்கும்.

ஆக, நாம் 'நம் சிறுவயது' என்று நினைத்துத் தேடுவது இன்னொரு நாட்டுக்காரனின் சிறுவயது. அந்த ஆங்கிலேயரும் சும்மா இல்லை. பழைய ஃப்ளீட்வே உரிமைகளை ரெபெல்லியன் என்ற நிறுவனம் 2016இலும் 2018இலும் வாங்கி, ஒவ்வொன்றாகத் தொகுத்துப் போடுகிறது. ஸ்டீல் க்ளா தொகுப்பு 2021இல் வந்தது. அதை வாங்குகிறவர்களில் பலர் அறுபது வயதுக்காரர்கள். நம் வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை நிற்கிறது, அவ்வளவுதான்.

2. கடைசிப் பக்கம்

காலின் கேம்பல் என்ற ஆங்கிலேய சமூகவியலாளர் 1987இல் நுகர்வு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் வாதத்தின் சுருக்கம் இது: மனிதன் பொருளுக்காக ஆசைப்படுவதில்லை, அந்தப் பொருளை வைத்துக் காணும் பகற்கனவுக்காக ஆசைப்படுகிறான். பொருள் கைக்கு வந்ததும் கனவுக்கு ஈடாகாது. ஏமாற்றம் வரும். கனவு அடுத்த புதுப் பொருளுக்குத் தாவும். இதனால்தான் சந்தை ஓயாமல் ஓடுகிறது.

நடுவயதுக் கொள்முதலுக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்துகிறது என்று தோன்றுகிறது. நாம் தேடுவது புதுசு இல்லை, பழசு. அப்படியானால் பகற்கனவு எங்கே இருக்கிறது?

என் பதில்: கடைசிப் பக்கத்தில். பழைய இதழ் ஒன்று கையில் கிடைத்தால் கதையைப் படிக்காமல் நேராகப் பின்னால் புரட்டிப் பாருங்கள். 'அடுத்த வெளியீடு', 'விரைவில் வருகிறது', 'தவறாமல் படியுங்கள்' என்று ஒரு விளம்பரம் இருக்கும். ஒரு படம், ஒரு தலைப்பு, இரண்டு வரி. அவ்வளவுதான். அடுத்த மாதம் கையில் காசு இருக்காது, அல்லது கடையில் தீர்ந்துபோயிருக்கும், அல்லது பரீட்சை என்று வீட்டில் தடை. அந்தக் கதை கிடைக்காமலே போகும். ஆனால் அந்த இரண்டு வரியை வைத்து முழுக் கதையையும் நாமே மனசுக்குள் எழுதிவிட்டிருப்போம். நான் மூன்று வருடம் ஒரே ஒரு விளம்பரப் படத்தை வைத்து ஒரு நீர்மூழ்கிக் கதையை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம் என்று, கடந்த ஐந்தாறு வருடங்களில் நான் வாங்கியவற்றை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டு வகையாகப் பிரித்தேன். (சாஃப்ட்வேர்காரன் வேறு என்ன செய்வான்?) ஒன்று, சின்ன வயதில் படித்துவிட்டுத் தொலைத்தவை. இன்னொன்று, படிக்கவே கிடைக்காமல் விளம்பரமாக மட்டும் தெரிந்தவை. என் ஒருவன் கணக்கு, இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வித்தியாசம் அப்பட்டமாக இருந்தது. படித்துத் தொலைத்தவற்றை வாங்கியபோது சந்தோஷம் நிலைத்தது. ஒரு குறிப்பிட்ட கட்டம், ஒரு நிழல், மாடிப்படியில் இறங்கும் ஒரு உருவம் என்று கண் போய் நின்ற இடமெல்லாம் ஏற்கெனவே தெரிந்த இடம். விளம்பரத்தில் மட்டும் பார்த்தவை பெரும்பாலும் பத்துப் பக்கத்தில் கவிழ்ந்தன. கதை மோசம் என்று இல்லை, என் கதை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதாவது கேம்பல் சொல்லும் ஏமாற்றம் இரண்டாவது வகையில்தான் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், நாம் அதிகப் பணம் கொடுப்பதும் இரண்டாவது வகைக்குத்தான். கிடைக்காதது என்பதால் ஏங்கினோம், கிடைக்காதது என்பதாலேயே அது இன்று அரிது, அரிது என்பதால் விலை. அறிவிப்போடு நின்றுபோய் அச்சுக்கே வராத கதைகளும் உண்டு. அவைதான் பாக்கியசாலிகள், யாரும் வாங்கிக் கெடுக்க முடியாது.

3. மாயாவியை இப்போது படித்தால்

சரி, விஷயத்துக்கு வருவோம். நினைவை எடுத்துவிட்டால் இந்தக் கதைகள் தேறுமா?

மாயாவியையே எடுத்துக்கொள்வோம். லூயி கிராண்டேல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய, உடல் மறைந்துபோகிறது, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. பத்து வயதில் எங்களுக்கு இது போதும். பிளக் பாயின்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணம் கை தயங்கியது.

நாற்பத்தைந்தில் படிக்கும்போது வேறு ஒருவன் தெரிகிறான். வேலை செய்யும் இடத்தில் கையை இழந்தவன். யாருடைய ஆராய்ச்சிக்காகவோ உழைத்து ஊனமானவன். முதல் கதையில் அவன் நல்லவனே இல்லை. கிடைத்த சக்தியைத் திருட்டுக்கும் மிரட்டலுக்கும் பயன்படுத்துகிறான். பின்னால்தான் நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஆளாகிறான். ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர் அவனுக்குக் கொடுத்திருக்கும் முகம் எந்தச் சாகச நாயகனின் முகமும் இல்லை. கன்னம் ஒட்டிய, சிரிக்காத, எல்லோர் மேலும் கோபமுள்ள ஒருவனின் முகம். புகைப்படம் போன்ற துல்லியம், அதற்கு மேல் பெரிய பெரிய கறுப்பு நிழல்கள். சாணித்தாளில் மசி பரவிய அச்சிலும் அந்த நிழல்கள் நின்றன என்றால், மூலத்தில் எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும். ஓவியத்துக்காக மட்டுமே மாயாவியை வாங்கலாம் என்பது என் கட்சி.

இங்கே தமிழ்ப் பெயர் செய்த வேலையையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத் தலைப்பு கையைப் பற்றியது: இரும்பு நகம், மிருகத்தின் கை. தமிழ்த் தலைப்பில் கையோடு ஒரு 'மாயாவி' சேர்ந்துகொள்கிறான். இராமாயணத்தில் வாலி குகைக்குள் துரத்திக்கொண்டு போகும் அசுரனின் பெயர் மாயாவி. அம்புலிமாமா படித்த பிள்ளைகளுக்கு மாயாவி என்றால் யார் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அறிவியல் விபத்தில் சிக்கிய ஒரு கசப்பான மனிதன், தமிழுக்கு வரும்போது ஏழுகடல் தாண்டிய கதைகளின் உறவினன் ஆகிவிட்டான். லீ ஃபாக்கின் ஃபேன்டம் முத்துவில் 'வேதாளர்' ஆனதும் இதே வழியில்தான். ராணி காமிக்ஸ் அதே ஃபேன்டமுக்கு 'மாயாவி' என்று பெயர் வைத்து, எங்கள் தெருவில் பல சண்டைகளை உண்டாக்கியது தனிக் கதை. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் வெறும் மொழிபெயர்ப்பு செய்யவில்லை. நமக்கு ஏற்கெனவே இருந்த ஒரு அலமாரியில் இடம் பார்த்து வைத்தார்கள். இவை நிலைத்ததற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி குறை. கதை ஓட்டம் இன்று களைப்பைத் தருகிறது. இதற்குக் காரணம் தெளிவானது. மூலம் வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு இரண்டு பக்கமாக வந்த தொடர். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை நாயகன் ஆபத்தில் தொங்க வேண்டும், அடுத்த வாரம் முதல் கட்டத்தில் போன வாரக் கதையை யாராவது பேச்சில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒட்டி ஒரே புத்தகமாக்கும்போது, நாலடிக்கு ஒரு வேகத்தடை போட்ட ரோடு மாதிரி ஆகிவிடுகிறது. என் பன்னிரண்டு வயது மகளிடம் கொடுத்தேன். பத்துப் பக்கம் படித்துவிட்டு, "ஏன்ப்பா இவங்க எல்லாரும் என்ன செய்யறாங்கன்னு அவங்களே சொல்லிட்டே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். விமர்சனம் என்றால் அது. அதே பெண் லக்கி லூக்கைக் கீழே வைக்காமல் படித்தாள். காஸினியின் நகைச்சுவைக்கு வேகத்தடை இல்லை.

ஒரு யோசனை. மாயாவியை நாளுக்கு இரண்டு பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள், படுக்கப் போகும்போது. நான் ஒரு மாதம் அப்படிச் செய்தேன். கதை மறுபடி மூச்சு விட ஆரம்பித்தது. திரும்பச் சொல்லும் வசனம் தொல்லையாக இல்லை, உதவியாக இருந்தது. அந்த வடிவம் காத்திருப்புக்காகச் செய்யப்பட்டது. மொத்த செட்டையும் ஒரே நாளில் கூரியரில் இறக்கிக்கொள்ளும் நமக்குத்தான் அது பொருந்தவில்லை.

இன்னொரு குறையை எந்த யோசனையும் சரிசெய்யாது. ஆர்ச்சியின் ஆப்பிரிக்கக் கதைகளிலும் வேதாளரின் காட்டிலும் கறுப்பின மக்கள் வரையப்பட்டிருக்கும் விதம். காட்டு மக்கள் குழந்தைகள் மாதிரி, வெள்ளைக்காரர் வந்துதான் நியாயம் சொல்ல வேண்டும். கறுத்த தோலுள்ள நாங்கள், கறுத்தவர்களைத் துரத்தும் வெள்ளைக்காரனுக்குக் கைதட்டியபடி வளர்ந்தோம். இந்தக் கதைகளை மறைக்க வேண்டாம், திருத்தி அச்சிடவும் வேண்டாம். ஆனால் முன்னுரையில் ஒரு பக்கமாவது இதைப் பேசாமல் 'பொக்கிஷம்' என்று மட்டும் போட்டு விற்பது பெரியவர்கள் செய்கிற வேலை இல்லை.

4. நூற்று முப்பது டாலர்

ஸ்பைடர் கதைகளை எழுதியவர்களைத் தேடியபோது கிடைத்த ஒரு தகவல் இந்த விஷயத்தோடு நேராகச் சேர்கிறது. முதல் இரண்டு கதைகளை டெட் கோவன் எழுதினார். அதன் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்.

1938இல், 23 வயதில், சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பிறகு வழக்குகள், தோல்விகள். 1960களின் நடுவில், ஐம்பது வயதைத் தாண்டிய சீகல் லண்டன் சிறுவர் பத்திரிகை ஒன்றுக்கு, பெயர்கூடப் போடாமல், 'குற்றச் சக்கரவர்த்தி' ஒருவனின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கதைதான் சிவகாசி வழியாக எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு வந்தது. இளமையில் கைவிட்டதை நடுவயதில் வாங்க முடியாத மனிதர் எழுதியதை, நாங்கள் இளமையில் படித்து, நடுவயதில் தேடி வாங்குகிறோம். ஸ்பைடருக்கு உள்ள அந்தத் தற்பெருமையும் உலகத்தின் மேல் உள்ள எரிச்சலும், இது தெரிந்த பிறகு வேறு மாதிரி கேட்கிறது. (இது என் வாசிப்பு மட்டுமே.)

1975இல்தான், பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பிறகு, வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் தரவும் பெயர் போடவும் ஒப்புக்கொண்டது. அந்த 130 டாலரும் அடங்கிய காசோலை 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. சூப்பர்மேன் முதலில் வந்த, பத்து சென்ட் விலையுள்ள ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2014இல் 32 லட்சம் டாலருக்கும், இன்னொரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கும் விற்றது. இதில் ஒரு சென்ட்கூடப் படைத்தவர்களுக்கு இல்லை. சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை, பழைய பொருள் சந்தை அப்படித்தான். ஆனால் 'நான் இந்தக் கலையை நேசிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கொடுத்து வாங்குகிறேன்' என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பணம் போன இடம் கலை இல்லை, பரண்.

நம் ஊரிலும் சின்ன அளவில் இதே கதைதான். இரண்டு ரூபாய் இதழ் இன்று ஆயிரங்களில் கைமாறுகிறது. அதை அன்று தமிழாக்கியவர், பலூனுக்குள் எழுத்து எழுதியவர், அட்டை வரைந்தவர் பெயர்கள் பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரியாது. எந்த மறுபதிப்பைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்தத் தகவல்களைத்தான்: கதை எந்தப் பத்திரிகையில், எந்த ஆண்டு வந்தது, எழுதியவர் யார், வரைந்தவர் யார், தமிழாக்கம் யார். அரைப் பக்கம் போதும். ரெபெல்லியன் தொகுப்புகளில் மூல வெளியீட்டுத் தேதியும் படைத்தவர் பெயரும் இருக்கின்றன. ஆர்ட் பேப்பருக்கும் கெட்டி அட்டைக்கும் போராடுகிற நாம் இந்த அரைப் பக்கத்துக்கு ஒரு கடிதமாவது எழுதலாமே?

5. செட்டும் வாசிப்பும்

சேகரிப்பாளர்களிடம் ஒரு சொல் உண்டு: 'மிஸ்ஸிங் லிஸ்ட்'. யாரைப் பார்த்தாலும் அந்தப் பட்டியலை நீட்டுவார்கள். கதை பிடிக்குமா, பிடிக்காதா என்ற பேச்சே இல்லை. 37ஆம் எண் இருக்கிறது, 39 இருக்கிறது, நடுவில் 38 இல்லை. ராத்திரி தூக்கம் வராது. எனக்கு இது நன்றாகவே புரிகிறது. புரோகிராமருக்கு வரிசையில் ஓட்டை இருந்தால் கண் அங்கேயேதான் போகும்.

ஆனால் சின்ன வயதில் இருந்த ஆசை இது இல்லை. அன்று எங்களிடம் 'செட்' என்ற எண்ணமே கிடையாது. ஒரு புத்தகம் வரும், அதைப் பத்துப் பேர் படிப்போம். முனை மடங்கும், அட்டை கழலும், ஆறாவது கைக்குப் போகும்போது கடைசி நாலு பக்கம் இருக்காது. முடிவை முன்னால் படித்தவன் வாயால் சொல்வான், கொஞ்சம் அவன் சரக்கையும் சேர்த்து. காசில்லாதவனுக்கு வாடகை லைப்ரரி. ஆசை புத்தகத்தின் மேல் இல்லை, கதையின் மேல். புத்தகம் கதையைத் தூக்கிவரும் வண்டி, அவ்வளவுதான்.

இன்று என்ன ஆகிறது? வாங்கியதும் பாலிதீன் உறையில் போடுகிறோம். விரல் பட்டால் கறை. முனை மடங்கினால் மதிப்புக் குறையும். குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரி. அன்று பத்துப் பேர் படித்த ஒரு பிரதி, இன்று பூஜ்யம் பேர் படிக்கும் பிரதி. நாம் மீட்டெடுத்திருப்பது வண்டியை. அதையும் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தியிருக்கிறோம்.

இதன் உச்சம் மறுபதிப்புக்கு எதிராகப் பேசுவது. அரிய இதழ் ஒன்று மறுபடி அச்சாகிறது என்றால் வாசகன் துள்ளிக் குதிக்க வேண்டும். ஆனால் பழைய பிரதியை வைத்திருப்பவர்களில் சிலருக்கு முகம் சுருங்குகிறது, விலை விழுந்துவிடுமே என்று. தன்னிடம் இருப்பது இன்னொருவனிடம் இல்லை என்பதுதான் அங்கே இன்பம். பத்து வயதில், தன் புத்தகத்தைத் தரமாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்ட பையனை நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்று இங்கே எழுத முடியாது.

இதற்கு எதிராக ஒரு நியாயமும் இருக்கிறது. சேகரித்தவர்கள் இல்லையென்றால் பாதி இதழ்கள் இன்று இல்லை. மலிவுத் தாள், முப்பது வருடத்தில் அப்பளமாகிவிடும். பழைய பேப்பர் கடைக்குப் போனவை போக மிச்சம் இருப்பது இந்தப் பைத்தியக்காரர்களின் பரணில்தான். எந்த இதழில் எந்தக் கதை வந்தது, மூலம் என்ன என்று பட்டியல் போட்டதும் அவர்கள்தான், எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அந்த உழைப்புக்கு நான் கடன்பட்டவன். காப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு என்று மட்டும்தான் சொல்கிறேன்.

6. யாருக்காக வருகிறது?

இப்போது மூன்றாவது கேள்வி.

2012இல் லயனும் முத்துவும் புதிய வேகத்தோடு திரும்பி வந்தன. அதன் பிறகு வந்த பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலிய ஆல்பங்களின் வண்ணப் பதிப்புகள் எந்த இந்திய மொழிக்கும் பெருமை தரக்கூடியவை. அதைச் சாத்தியமாக்கியது யார்? சந்தா கட்டும் நாற்பது வயதுக்காரர்கள். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. பையன்களின் பாக்கெட் மணியை நம்பிய வியாபாரம் டிவி வந்ததும் படுத்தது, பெரியவர்களின் சம்பளத்தை நம்பிய வியாபாரம் நிற்கிறது. இந்த உண்மையை ஒப்புக்கொள்ளாமல் 'குழந்தைகளுக்குப் போடுங்கள்' என்று உபதேசம் செய்வது சுலபம்.

ஆனால் யார் காசு கொடுக்கிறார்களோ அவர்கள் ரசனைப்படிதான் பத்திரிகை போகும். நாம் கேட்பது என்ன? மறுபடி மாயாவி, மறுபடி ஸ்பைடர், இன்னும் நாலு டெக்ஸ் வில்லர். 1948இல் தொடங்கிய டெக்ஸ் நல்ல தொடர்தான், நானும் வாங்குகிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி இன்று முதல் காமிக்ஸாக எதை எடுப்பாள்? அவளைப் போன்ற ஒரு நாயகி எங்கே? தமிழிலேயே எழுதி, தமிழ் ஊரில் நடக்கிற, தமிழர் வரைந்த காமிக்ஸ் எவ்வளவு? நம் மாதாந்தரப் பட்ஜெட்டில் அதற்கு இடம் இருக்கிறதா? ஒரு புது எழுத்தாளரின் 150 ரூபாய்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, விலையைப் பார்த்து 'கொஞ்சம் அதிகம்' என்று வைத்துவிட்டு, அடுத்த ஸ்டாலில் சிறப்பு மலருக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன்.

1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மக்களுக்கு எந்த வயதில் கேட்ட பாட்டுகள் அதிகம் பிடிக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். உச்சம் ஏறத்தாழ 23½ வயதில் விழுந்தது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் 'என்ன பாட்டு இது' தான். காமிக்ஸுக்கு அந்த உச்சம் பத்துப் பன்னிரண்டு என்று நான் ஊகிக்கிறேன். அது உண்மையானால் விளைவு பயங்கரம். இன்று பத்து வயதில் தமிழ்க் காமிக்ஸ் படிக்காத பிள்ளை, நாற்பத்தைந்தில் அதைத் தேடி வரப்போவதில்லை. தேடுவதற்கு அவனிடம் எந்தக் கடைசிப் பக்கமும் இருக்காது. நம் வரிசையில் நமக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஆங்கிலேயருக்குப் பின்னால் நாம் நின்றோம், நமக்குப் பின்னால் காலி.

இதற்கு நான் எனக்காக வைத்துக்கொண்டிருக்கும் சில விதிகள் இவை. யாருக்கும் அறிவுரை இல்லை.

ஒன்று: வாங்கியதை ஒரு மாதத்துக்குள் படிக்க வேண்டும். படிக்காதது ஐந்துக்கு மேல் சேர்ந்தால் புதிதாக வாங்கக் கூடாது. (இந்த விதியால் இரண்டு முறை புத்தகக் காட்சியில் வெறுங்கையோடு வந்திருக்கிறேன்.)

இரண்டு: மறுபதிப்பு இருந்தால் மறுபதிப்புதான். மூலப் பிரதிக்குப் பிரீமியம் கிடையாது. மறுபதிப்பு வாங்கினால் பதிப்பாளருக்குப் போகும், அதில் அடுத்த புத்தகம் வரும்.

மூன்று: பழசு மூன்று வாங்கினால், உயிரோடு இருக்கும் தமிழ்ப் படைப்பாளி ஒருவரின் புத்தகம் ஒன்று.

நான்கு: அலமாரிக்குப் பூட்டு கிடையாது. அபார்ட்மென்ட்டில் எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் எடுத்துப் போகலாம். எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. இதுவரை பதினொன்று திரும்பி வரவில்லை.

அந்தப் பதினொன்றில் இரண்டு, என் மிஸ்ஸிங் லிஸ்ட்டில் வெகுகாலம் இருந்து கிடைத்தவை. கேட்டு வாங்கலாம்தான். ஆனால் யார் வீட்டிலோ கட்டிலுக்கு அடியில் அட்டை கழன்று கிடக்கிறது என்றால், அது நான் ஆசைப்பட்ட பொருளுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.